கூழ் வத்தலும் நான்கு மொழிகளும்

வெயில் மட்டும் தாராளமாக விளைகிற ஓர் ஊரில், மழையைப் படம் போடச் சொல்லிக்கொடுக்கிற மடம் ஒன்று இருந்தது.

சாத்தூருக்குக் கிழக்கே, அம்மன் கோவிலுக்கு நடந்து போகிறவர்கள் ஒரு ராத்திரி படுத்து எழுந்து போகட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் கட்டிவைத்தது. ஆடி மாதம் மட்டும் அதில் கூட்டம் இருக்கும். மற்ற மாதங்களில் சும்மா கிடந்த மடத்தில், உகந்தாள் டீச்சர் பழைய கணினிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்.

வானிலைக்காரர்கள் எல்லாவற்றையும் எண்ணாகத்தான் தருவார்கள். இந்த இடத்தில், இத்தனை மணிக்கு, இவ்வளவு மழை, இந்தப் பக்கத்துக் காற்று என்று மூட்டை மூட்டையாக எண்கள். கணினிக்குத் தெரிந்த ஏதாவது ஒரு மொழியில் நிரல் எழுதிக் கொடுத்தால், அது அந்த எண்களை வாங்கி வண்ணப் படமாக்கிக் கொடுக்கும். அதைத்தான் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். மிளகாய் காயப்போடுகிறவர்களும் தீக்குச்சி உலர்த்துகிறவர்களும் நிறைந்த ஊர். படத்துக்கு மரியாதை இருந்தது.

டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். சீடர்களில் பாதிப் பேர் அவரைவிடப் பெரியவர்கள். எல்லோருக்கும் பெரியவர் தவசிலிங்கம் அண்ணாச்சி. வீடு வீடாகப் போய் கரண்ட் ரீடிங் எடுத்து ஓய்வுபெற்றவர். வீட்டில் இருந்தால் மனைவி பாக்கியத்தாய் தேங்காய் துருவச் சொல்கிறாள் என்று மடத்தில் வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் மனசு ஒட்டிக்கொண்டது.

மடம் என்று இருந்தால் அதில் கட்சி இல்லாமல் இருக்குமா? இங்கே நான்கு கட்சி. எந்த மொழியில் நிரல் எழுதுகிறார்களோ அந்த மொழி ஒரு கட்சி.

பைத்தான் கட்சிக்காரர்கள், தங்கள் மொழி பெரிய கூட்டுக்குடும்பத்து அடுக்களை மாதிரி என்பார்கள். கேட்ட பாத்திரம் உள்ளே இருக்கும், தேடி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆர் என்று ஒற்றை எழுத்துப் பேர் கொண்ட மொழியின் கட்சியினர் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பாத்திரம் இருந்து என்ன, எங்கள் படம் மார்கழிக் கோலம் மாதிரி, ஒரு இடத்தில் நிறம் பிசிறு தட்டுமா பார் என்பார்கள். ஜாவாஸ்கிரிப்ட் கட்சிக்குத் தலைவி ரோஸ்லின். சின்னப் பெண், வாய் மட்டும் பெரிசு. அவள் போடுகிற படம் கைப்பேசியில் ஓடும். விரலால் இழுத்தால் கூடவே வரும். காற்று, தலைசீவுகிற மாதிரி அலை அலையாகப் போகும். ஒரு இடத்தில் உட்காராத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன பெருமை என்று மற்றவர்கள் கேட்பார்கள். ஜூலியா கட்சியில் ஒரே ஒருவர்தான். அந்த மொழி கிளம்பத்தான் நேரமாகும், கிளம்பிவிட்டால் யாராலும் பிடிக்க முடியாது என்று சொல்லிக்கொண்டு, அது கிளம்புவதற்காகக் காத்திருப்பார்.

மதியச் சாப்பாட்டுக்கும் கட்சி கட்சியாகத்தான் உட்கார்ந்தார்கள். ஆர் கட்சி அம்மா வைத்த ரசத்தைப் பைத்தான் கட்சிக்காரர் வாங்குவதில்லை.

தவசிலிங்கம் அண்ணாச்சி எந்தக் கட்சியிலும் இல்லை. எல்லாக் கட்சியிலும் கொஞ்ச நாள் இருந்தார். கற்றுக்கொண்டு, கொஞ்சம் கை பழகியதும், இதைவிட நல்லது பக்கத்து வரிசையில் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்துவிடும். தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவார்.

ஒருநாள் மதியம், டீச்சர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். வானிலைப் படம் போடுறதுக்கு இந்த நாலுல எது சிறந்த மொழி?"

நாலு கட்சியும் காதைத் தீட்டிக்கொண்டது.

டீச்சர் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தார்.

"மதினி நல்லா இருக்காங்களா, அண்ணாச்சி?"

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணாச்சிக்குப் புரியவில்லை. ஆனாலும் குரு கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. வீட்டு நிலவரத்தைச் சொன்னார்.

மகள் சுகப்பிரியா ஏழு மாதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கட்டுச்சோறு. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று வகை வகையாகச் சோறு கிளறி, அண்டாவில் கட்டி, சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பந்தி போட வேண்டும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கூழ் வத்தல் பொரித்து வைக்க வேண்டும். அதைக் கடையில் வாங்கி வைக்கக்கூடாது. பெண்ணைப் பெற்றவள் தன் கையால் பிழிந்ததாக இருக்க வேண்டும். இதுதான் வழக்கம். சம்பந்தியம்மாள் லேசுப்பட்டவர் இல்லை. மூத்த மருமகளின் கட்டுச்சோற்றுக்கு வந்த வத்தலைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். சரியாகக் காயாமல் சவசவ என்று இருந்ததாம், பல்லுக்கு வேலை வைத்ததாம். பாக்கியத்தாய்க்குத் தூக்கம் போய்விட்டது. அரிசியை ஊறப்போட்டுவிட்டாள். சாயங்காலம் அரைத்து வைத்து, விடியக் கருக்கலில் கூழ் கிண்டி, மாடியில் வேட்டி விரித்துப் பிழிய வேண்டும். ஆனால் சித்திரை மாதம், கோடை மழை எப்போது வரும் என்று தெரியாது. பிழிந்த வத்தலில் மழை விழுந்தால் திரும்பவும் கூழ்தான். டிவியில் கேட்டால், ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும் என்கிறார்கள்.

"அந்த ஓரிரு இடத்துல எங்க மொட்டைமாடி இருக்கா, இல்லையான்னு கேக்கிறா. நான் படம் போட்டுச் சொல்றேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"அதைப் போடுங்க அண்ணாச்சி. போட்டுட்டு வாங்க, உங்க கேள்விக்குப் பதில் சொல்றேன்" என்றார் டீச்சர். அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அண்ணாச்சி எழுந்து போனார். போகும்போதே அவருக்கு ஒரு யோசனை வந்தது. குரு சும்மா சொல்ல மாட்டார். நாலு மொழியிலும் போட்டுப் பார்த்து, நீயே தேர்ந்தெடு என்பதைத்தான் இப்படிச் சொல்லியிருக்கிறார்.

வீட்டு முன்னறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒப்பிடுவது என்றால் நியாயமாக ஒப்பிட வேண்டும். ஒரு மொழிக்கு ஒரு நாளின் மழையையும் இன்னொன்றுக்கு வேறொரு நாளின் மழையையும் கொடுத்துவிட்டு, இது அழகு, அது அழகில்லை என்று சொல்வது அநியாயம். நாலுக்கும் ஒரே நாள் எண்களைத்தான் கொடுக்க வேண்டும். அதற்கென்றே மடத்தில் ஒரு கோப்பு உண்டு. போன கார்த்திகையில் அடித்த புயல். புதிதாகச் சேருகிற யாரும் முதலில் போட்டுப் பழகுவது அதைத்தான். அதில் காற்று உண்டு, மழை உண்டு, நடுவில் கண் உண்டு. படம் போட்டால் பார்க்க அம்சமாக இருக்கும். நாளைய எண்களில் என்ன இருக்கும்? முக்கால்வாசி பூஜ்யம். பூஜ்யத்தை வைத்து எந்த மொழியின் அழகைப் பார்க்க?

முதலில் புயலை வைத்து மொழியை முடிவு செய்வது. பிறகு, ஜெயித்த மொழியில் நாளைய எண்களை மாற்றிப் போட்டுக்கொள்வது. இது அண்ணாச்சியின் திட்டம். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

பைத்தானில் போட்டார். நன்றாக வந்தது, ஆனால் மாவட்ட எல்லைக் கோடு தடிமனாகத் தெரிந்தது. அதை மெலிதாக்கினார். ஆரில் போட்டார். நீலத்திலிருந்து சிவப்புக்கு நிறம் நழுவிப் போன அழகில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டார். பாக்கியத்தாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அது ஆடை கட்டியது. ஜாவாஸ்கிரிப்டில் போட்டபோது புயல் சுழன்றது. அதை நிறுத்தத் தெரியாமல் ரோஸ்லினுக்குப் போன் செய்து கேட்டார். நிறுத்திய பிறகு, சுற்றினால்தான் நன்றாக இருக்கிறது என்று திரும்பச் சுற்றவிட்டார். ஜூலியா கிளம்ப நேரமானது. அந்த நேரத்தில் மற்ற மூன்றிலும் தலைப்பு எழுத்தைப் பெரிதாக்கினார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நான்காவது படமும் வந்துவிட்டது. நான்கையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். நாலும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன. விருதுநகர் மாவட்டமே தெரியாத அளவுக்குச் செக்கச்செவேல் என்று மழை.

அந்த நேரம் பார்த்துப் பாக்கியத்தாய் மாவு படிந்த கையோடு கதவருகில் வந்து நின்றாள்.

"ஏங்க, மாவு அரைச்சாச்சு. விடியக் கிண்டவா, வேண்டாமா?"

அண்ணாச்சி திரையைப் பார்த்தார்.

"கிண்டாத. நாளைக்கு ஊரே தாங்காது."

"டிவியில ஓரிரு இடம்னுதான சொன்னாங்க?"

"அவங்க ஒரு படத்தை வச்சுச் சொல்றாங்க. இங்க நாலு மொழியும் ஒண்ணுபோலச் சொல்லுது, பாக்கியம்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஒரு விஷயத்தில் இவ்வளவு உறுதியாகப் பேசி அவள் பார்த்ததில்லை. நம்பிவிட்டாள். நம்பியதோடு இருந்தாளா, எதிர்வீட்டிலும் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி தன் தங்கச்சிக்குப் போன் போட்டாள். தெருவில் காய்ந்துகொண்டிருந்த மிளகாயெல்லாம் மூட்டைக்குள் போனது. தீப்பெட்டி ஆபீஸில் மறுநாள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் தகரக் கூரை மேல் ஆட்டுக்கல்லை ஏற்றி வைத்தார். இன்னொருவர் போன புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த கோபத்தில், எங்கேயோ போய்த் தண்ணீர் இறைக்கிற மோட்டாரே வாடகைக்கு எடுத்துவந்துவிட்டார்.

மறுநாள் அடித்த வெயிலை அந்த ஊர்க்காரர்களே பார்த்ததில்லை.

காலையில் தெருவே வாசலில் நின்று வானத்தைப் பார்த்தது. பத்து மணிவரை பொறுமையாகப் பார்த்தது. அதற்குப் பிறகு அண்ணாச்சி வீட்டைப் பார்க்க ஆரம்பித்தது. மோட்டார் எடுத்தவர் அதை அண்ணாச்சி வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அந்த வெயிலில் வத்தல் பிழிந்திருந்தால் சாயங்காலத்துக்குள் முக்கால் காய்ச்சல் காய்ந்திருக்கும்.

பாக்கியத்தாய் நேராக அடுக்களைக்குப் போனாள். அதுதான் அண்ணாச்சிக்குப் பயமாக இருந்தது. மாவு பொங்கி, புளித்து, அண்டா விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. இனி அதில் வத்தல் ஆகாது. அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். ஒரு தோசையை அவர் தட்டில் போட்டாள். அதைத் தின்றதும் இன்னொன்றைப் போட்டாள். போதும் என்றதும் இன்னொன்றைப் போட்டாள்.

வயிறு முட்ட அண்ணாச்சி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு ஓடினார்.

அவர் ஒரு முடிவோடு வந்திருந்தார். நான்கு மொழியும் சேர்ந்து தன்னை ஏமாற்றிவிட்டன என்றார். நான்கிலும் ஒரே பிழை இருக்கிறதாம். இவை எதுவும் வானிலைக்கு லாயக்கில்லை. ஐந்தாவதாக ஒரு மொழி இருக்கிறதாமே, வானிலையைக் கணக்குப் போடுகிற பெரிய பெரிய கணினிகளில் எல்லாம் அந்தக் காலத்திலிருந்து அதுதானாமே, ஃபோர்ட்ரான் என்று பேராமே, அதைக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார்.

டீச்சர் மடிக்கணினியை வாங்கித் தன் பக்கம் திருப்பினார். முதல் படத்தைப் பார்த்தார். எல்லைக் கோடு மெல்லிசாக, நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாவதில் நிறம் இவ்வளவு இதமாக வந்ததைப் பார்த்ததே இல்லை என்றார். மூன்றாவது சுழல்வதைக் கண் எடுக்காமல் பார்த்தார். நான்காவதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கட்சிக்காரர்கள் எல்லோரும் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். ரோஸ்லின் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். டீச்சர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"நாலும் அழகா இருக்கு, அண்ணாச்சி."

"அழகுக்கென்ன குறைச்சல். மழைதான் வரலை."

"இது எந்த நாளு?"

அண்ணாச்சி பதில் சொல்ல வாயெடுத்தார். அப்படியே நின்றார். புயல் திரையில் சுழன்றுகொண்டே இருந்தது.

பின்னால் யாரோ இருமினார்கள். அந்த இருமல் ஒவ்வொரு கட்சியாகப் பரவியது.

அண்ணாச்சி மடிக்கணினியை மூடப் போனபோது, வாசலில் பாக்கியத்தாய் வந்து நின்றாள். கையில் இருந்த தூக்குப்போணி நிறைய தோசை. வீட்டில் தின்ன ஆள் இல்லை, பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று டீச்சரிடம் நீட்டினாள். நாலு கட்சியும் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டது. ஆர் கட்சி அம்மா தான் கொண்டுவந்த சட்னியை எடுத்து நடுவில் வைத்தார். புளித்த தோசைக்கு அது தேவையாக இருந்ததால் யாரும் கட்சி பார்க்கவில்லை.

பாக்கியத்தாய் தோசை கொடுக்க மட்டும் வரவில்லை.

"தாயி, ஞாயித்துக்கிழமை கட்டுச்சோறு. வத்தல் காய ரெண்டு வெயிலாவது வேணும். இன்னைக்கு அரிசி ஊறப்போட்டாத்தான் உண்டு. இந்தத் தடவையும் போச்சுன்னா, நான் கடை வத்தலைக் கொண்டுபோய் அந்த அம்மா முன்னாடி வைக்கணும். எம் மக அந்த வீட்டுல காலமெல்லாம் அந்தப் பேச்சைக் கேக்கணும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்குப் பிழியவா?"

டீச்சர் தோசையை விண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சியைக் கேளுங்க, மதினி."

பாக்கியத்தாய் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எந்த மொழியிலும் படம் போட முடியாது.

அண்ணாச்சி உட்கார்ந்தார். பக்கத்தில் மடத்துக் கணினி ஒன்று திறந்தபடி இருந்தது. யாரோ பாதியில் விட்டுப்போன நிரல் அதில் கிடந்தது. அவர் அதை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"டீச்சர், எதுல போட?"

டீச்சருக்கு வாய் நிறையத் தோசை. கையை மட்டும் அசைத்தார். அதற்கு எதிலாவது போடுங்கள் என்றும் பொருள் கொள்ளலாம், தண்ணீர் கொடுங்கள் என்றும் பொருள் கொள்ளலாம். ரோஸ்லின் தண்ணீர் கொடுத்தாள்.

அண்ணாச்சி அன்றைக்கு வந்த புது எண்களை இறக்கினார். தேதியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ரோஸ்லினைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னார். மாவட்டம் முழுவதும் வேண்டாம் என்று வெட்டிப் போட்டார். தன் தெரு மட்டும் போதும். எல்லைக் கோடு இல்லை, தலைப்பு இல்லை. மணிக்கு ஒரு கட்டம், மழை வந்தால் ஊதா, வராவிட்டால் வெள்ளை. கட்டங்கள் கோணல்மாணலாக வந்தன. அந்த மடத்தில் அதுவரை யாரும் அவ்வளவு அசிங்கமாகப் படம் போட்டதில்லை.

பாக்கியத்தாய் குனிந்து பார்த்தாள்.

"எது மழை?"

"ஊதா."

"பத்து மணிக்கே ஊதா வருதே."

அண்ணாச்சி கட்டங்களை விரலால் எண்ணினார். பிறகு ஞாபகம் வந்தது. வானிலை எண்களில் இருப்பது லண்டன் மணி. நம் மணி வேண்டும் என்றால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். விரல் விட்டுக் கூட்டினார். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு கையாலும் கூட்டினார்.

"மூணரை. சாயங்காலம் மூணரைக்கு வருது. வந்துட்டு ஒரு மணி நேரத்துல விட்டுரும். அதுக்கு அடுத்த நாள் வெள்ளை. அதுக்கு அடுத்த நாளும் வெள்ளை."

"நம்பலாமா?"

நேற்று அவர் திரையைப் பார்த்து உடனே பதில் சொன்னார். இன்றைக்குத் தேதியை இன்னொரு முறை பார்த்தார். திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"பிழி. ஆனா மூணரை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ரெண்டரைக்கே அள்ளிரு. நானும் மாடியிலதான் இருப்பேன்."

பாக்கியத்தாய் காலிப் போணியை வாங்கிக்கொண்டு, அரிசி ஊறப்போடப் போனாள்.

மறுநாள் கருக்கலில் மாடியில் ஈர வேட்டி விரிந்தது. பச்சை மிளகாயும் சீரகமும் மணக்க மணக்கக் கூழ் ஏறியது. அண்ணாச்சி ஒரு கையில் குடையும் ஒரு கையில் குச்சியுமாக உட்கார்ந்து காக்கை விரட்டினார். மதியம் வரை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தெருவில் போன மோட்டார்க்காரர் அண்ணாந்து பார்த்து, அண்ணாச்சி இன்றைக்கு என்ன, பனி பெய்யுமா என்று கேட்டார். அண்ணாச்சி ஒரு காக்கையை விரட்டினார். கைப்பேசியில் இருந்த கோணல் படத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டரைக்கு, பளீரென்ற வெயிலில், இரண்டு பேரும் வேட்டியை நாலு மூலையும் பிடித்துச் சுருட்டாமல் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றரைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றே முக்காலுக்கும் நடக்கவில்லை. பாக்கியத்தாய் தோசைக்கல்லைப் பார்த்தாள்.

நாலு மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, தடதடவென்று கொட்டியது.

அண்ணாச்சி மாடிக்கு ஓடிப்போய் நின்றார். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. குடை கையிலேயே இருந்தது, விரிக்கவில்லை. கீழே தெருவில் மிளகாய் அள்ளுகிற சத்தமும், தன்னைத் திட்டுகிற சத்தமும் கேட்டது. முந்தாநாள் வரும் என்று சொல்லி வரவில்லை என்பதற்கும், இன்றைக்கு வரும் என்று சொல்லாமல் வந்துவிட்டது என்பதற்கும் சேர்த்துத் திட்டினார்கள்.

அடுத்த இரண்டு நாளும் நல்ல வெயில்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு நடந்தது. சம்பந்தியம்மாள் இலையில் விழுந்த வத்தலை எடுத்து ஒடித்துப் பார்த்தார். வாயில் போட்டார். பந்தியில் இருந்த பெண்கள் எல்லாம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மென்று முடித்து, உப்பு ஒரு கல் குறைச்சல் என்றார். சொல்லிவிட்டு இன்னும் நாலு வத்தல் போடச் சொன்னார். அந்த அம்மாளிடம் அதற்கு மேல் பாராட்டு வாங்கியவர்கள் யாரும் இல்லை. பாக்கியத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் நறுக்கியது என்றாள். சுகப்பிரியா வளையல் குலுங்க ஒரு வத்தலை எடுத்து அப்பா இலையில் வைத்தாள்.

திங்கட்கிழமை அண்ணாச்சி ஒரு டப்பா வத்தலைப் பொரித்து எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்தார். நடையே மாறியிருந்தது. நெற்றியில் கொஞ்சம் அதிகமாகவே திருநீறு. டப்பாவை டீச்சர் முன்னால் வைத்துவிட்டு, கால் மடக்கி உட்கார்ந்தார்.

"டீச்சர், எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"என்ன அண்ணாச்சி புரிஞ்சது?"

"மொழியில உசத்தி தாழ்த்தி கிடையாது. எல்லா மொழியும் ஒண்ணுதான். அன்னைக்கு நான் எதுல போட்டேன்னு இப்பக் கேட்டாக்கூட எனக்கு ஞாபகம் இல்லை."

கட்சிக்காரர்கள் உருகிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜூலியாக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சர் டப்பாவைத் திறந்தார்.

"எல்லாம் ஒண்ணுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? இந்த வேலைக்குப் பைத்தான்தான் நல்லது."

மடத்தில் ஒரே சத்தம். பைத்தான் கட்சி எழுந்து நின்றுவிட்டது. ரோஸ்லின் இது அநியாயம் என்றாள். டீச்சர் அலட்டிக்கொள்ளவில்லை. வானிலைக்காரர்கள் தருகிற கோப்பை அது மல்லுக்கட்டாமல் திறக்கும், தப்பாகப் போட்டால் எங்கே தப்பு என்று அண்ணாச்சிக்கும் புரிகிற மாதிரிச் சொல்லும், ஊருக்கெல்லாம் கைப்பேசியில் காட்ட வேண்டும் என்றால் ரோஸ்லினுடையதுதான் சரி, ஒரு மொட்டைமாடிக்குப் பைத்தான் போதும், அன்றைக்கு நீங்கள் போட்டதும் அதில்தான் என்றார்.

தவசிலிங்கம் அண்ணாச்சிக்கு முகம் தொங்கிவிட்டது. புளித்த மாவு கண்ணுக்கு முன்னால் பொங்கியது. தின்ற தோசை ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர். நான் கேட்டதே அதைத்தான. ஒரு அண்டா மாவு வீணாப் போச்சே."

உகந்தாள் டீச்சர் ஒரு வத்தலை எடுத்து ஒடித்து, பாதியை அவரிடம் கொடுத்தார்.

"சொல்லியிருந்தா, கார்த்திகைப் புயலைப் பைத்தான்ல மட்டும் போட்டுக்கிட்டு வந்திருப்பீங்க, அண்ணாச்சி."